பேஸ் கிட்டாரில் பிக்கப்பை எங்கே வைப்பது?

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவனை யாரும் கவனிக்க மாட்டார்கள். அவன் தப்பாக வாசித்தால் மட்டும் ஊரே கவனிக்கும்.

எழுபதுகளின் கடைசியில் தொடங்கி ஏழெட்டு வருடம் போடிநாயக்கனூரில் இந்த வேலையைப் பார்த்தவன் நான். பிழைப்பு என்னவோ ஏலக்காய்க் கடையில் சல்லடை போட்டுக் காய் தரம் பிரிப்பதுதான். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றால் தோளில் கிட்டார் ஏறிவிடும். நீங்களும் எப்போதாவது அந்த நாலு தடிக் கம்பிகளோடு மல்லுக்கட்டியவர் என்றால், நான் பட்டதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பிக்கப் என்பது கம்பிகளுக்குக் கீழே பதித்திருக்கும் காந்தக் கட்டை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கம்பி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். என் கஷ்டமெல்லாம் அந்தக் கட்டையால் வந்தது.

கரண்டிச் சத்தம்

என் கிட்டார் கடையில் வாங்கியது இல்லை. உடம்பு போடி ஆசாரி இழைத்த பலாமரம். கழுத்து மதுரையில் யாரோ உடைத்துப் போட்ட கிட்டாருடையது. பிக்கப்பை, பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த குருசாமி அண்ணன் தன் கையாலேயே செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிச் செய்து கொடுத்தார். எங்கே பதிப்பது என்று கேட்டதற்கு, ஒயர் குட்டையாக இருக்கிறது என்று சொல்லிக் கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜ் ஓரமாகப் பதித்துவிட்டார்.

முதல் கச்சேரி ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணத்தில். நான் 'கும் கும்' என்று எதிர்பார்த்து விரலைப் போட்டால் 'டிங் டிங்' என்று வருகிறது. அழுத்திப் போட்டால் இன்னும் கூர்மையாக 'டிங்'. மூன்றாவது பாட்டில் பெண்ணின் சித்தப்பா மேடையோரம் வந்து, குழுத் தலைவர் பரமசிவம் மாஸ்டரிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"எல்லாம் நல்லா இருக்கு மாஸ்டர். அந்தக் கரண்டியத் தட்டிக்கிட்டே இருக்குற தம்பிய மட்டும் பந்திக்கு அனுப்பி வைங்க. பசி போல."

ரோடு ரோலர்

மாஸ்டருக்கு அவமானமாகிவிட்டது. அடுத்த மாதம் போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஆண்டு விழாக் கச்சேரி இருந்தது. அதற்குள் கிட்டார் சரியாகாவிட்டால் என் இடத்தில் டோலக் முத்தையாவை உட்கார வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சல்லடை போட ஆயிரம் பேர் இருப்பார்கள். போடியில் பேஸ் கிட்டார்க்காரன் என்றால் நான் ஒருத்தன்தான். அந்தப் பெருமையை விட்டுவிட முடியுமா?

குருசாமி அண்ணன் பதறவில்லை. கடைக்குப் பின்னால் துணி காய்கிற கொடிக்கயிற்றைக் காட்டினார். "ஆணி அடிச்ச எடத்துல கயிறு ஆடுதா பாரு மாப்ளே. தள்ளி வரத்தான் ஆட்டம் பெருசா இருக்கும். நாம ஆணிக்குப் பக்கத்துல போயி காதை வச்சிருக்கோம்" என்றார். கழுத்து முடிகிற இடத்தில் உளியால் புதுக் குழி தோண்டிப் பிக்கப்பை அங்கே மாற்றினார். நீளமான ஒயராகப் போட்டார். பழைய குழியைச் சன்மைக்காத் துண்டால் மூடினார்.

கடையிலேயே ஆம்ப்ளிஃபயரில் செருகி மேல் கம்பியைத் தட்டினேன். 'கும்'மென்று வந்த சத்தத்தில் அலமாரியில் இருந்த ரேடியோ வால்வுகள் எல்லாம் கிலுகிலுத்தன. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கால் மணி நேரம் நிறுத்தாமல் வாசித்தேன். பக்கத்துத் தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணே, ரோடு ரோலரு போயிருச்சா? சட்டைக் காலரு நேரா வரமாட்டேங்குது, மிஷின நிப்பாட்டிட்டு உக்காந்திருக்கேன்."

சீர்ப் பாத்திரம்

அடுத்து போடியிலேயே ஒரு காதுகுத்து. தேனியிலிருந்து பெரிய பெட்டி ஸ்பீக்கர் வந்திருந்தது. அதன் வழியாக என் கிட்டார் யானை பிளிறுவதுபோல் இல்லை, யானை நடப்பதுபோல் கேட்டது. மாஸ்டர் முகத்தில்கூடச் சிரிப்பு.

ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு, தாய்மாமன் கொண்டுவந்த எவர்சில்வர் சீர்ப் பாத்திரங்களை அடுக்கியிருந்தார்கள். நான் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் நிற்கும்போதெல்லாம் பாத்திரங்கள் 'கிர்ர்' என்று கூடவே பாடின. நாலாவது பாட்டில் ஓர் அண்டா மெல்ல மெல்ல நகர்ந்து பெஞ்சின் ஓரத்துக்கு வந்துவிட்டது. தாய்மாமன் ஓடிவந்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை அப்படியே நின்றார். முடிந்ததும் அண்டாவை விடாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அது எந்தக் கம்பி தம்பி? அத மட்டும் நாங்க சீரை எறக்கி வச்சப்பறம் தொடுங்க."

மலையில் ஊமை

எஸ்டேட் கச்சேரிக்கு ஜீப்பில் போனோம். ஆள் கூட்டத்தில் பெட்டி ஸ்பீக்கருக்கு இடமில்லை. மேலேயே ஸ்பீக்கர் இருக்கிறது என்று மாஸ்டர் அதை விட்டுவிட்டு வந்தார். ஆனால் டோலக் முத்தையாவுக்கு இடமிருந்தது. கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தான். நல்ல பையன்தான். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் அந்த டோலக் என் முழங்காலில் இடித்தபோது எனக்கு வேறு மாதிரி இருந்தது.

மேலே போய்ப் பார்த்தால், சவுக்கு மரங்களில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் மட்டும்தான். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கினோம். ஆர்மோனியம் கேட்கிறது, பாட்டு கேட்கிறது, என் கிட்டார் மட்டும் சுத்தமாக இல்லை. அவ்வளவு தடித்த சத்தத்தைத் தகரக் குழாயால் துப்ப முடியவில்லை. நான் விரலை ஆட்டுகிறேன், காற்றுகூட வரவில்லை. முத்தையா டோலக்கின் கயிற்றை இறுக்க ஆரம்பித்துவிட்டான். முன்வரிசையில் இருந்த மலையாளி சூப்பர்வைசர் என்னிடம் குனிந்து, அக்கறையோடு கேட்டார்:

"எந்தா சாரே, கரண்டு இல்லாத்த கிட்டாரோ?"

எதிர்ச் சரிவு

டீ இடைவேளையில், ஆம்ப்ளிஃபயர் பார்க்க எங்களோடு வந்திருந்த குருசாமி அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். சன்மைக்காவைப் பெயர்த்துப் பிக்கப்பைப் பழையபடி பிரிட்ஜ் ஓரத்துக்கே கொண்டுபோய்விட்டார். கல்யாண வீட்டில் கரண்டியாகக் கேட்ட அதே சத்தம் இந்தக் குழாய்க்குத்தான் ஏற்றது என்பது அவர் கணக்கு. தட்டினேன். 'டங்' என்று ஒவ்வொரு அடியும் மலையில் மோதித் திரும்பி வந்தது. மாஸ்டர் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். முத்தையா டோலக்கை உறையில் போட்டுவிட்டு, இரண்டாவது டீ வாங்கிவந்து என்னிடம் நீட்டினான். அன்றைக்குத்தான் அவன்மேல் இருந்த கோபம் போயிற்று.

முக்கால் மணி நேரம் கழித்து ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். எதிர்ச் சரிவில் இருந்த வேறோர் எஸ்டேட்டின் கங்காணி. அங்கே அன்றைக்கு விடுமுறை இல்லை, ஏலக்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று மாஸ்டர் கும்பிட்டுக்கொண்டே எழுந்தார். அவர் என் கிட்டாரைக் காட்டிச் சொன்னார்:

"பாட்டு ஒண்ணும் எங்களுக்கு வெளங்கல. இவரு அடிக்கிறது மட்டுந்தான் கேக்குது. பொம்பளைக அதுக்குத் தக்கனதான் காய் பறிக்கிறாக. இப்பப் பாடுனது ரொம்ப மெதுவு, சோலி ஓடல. வெரசான பாட்டா எடுத்து விடுங்க."

ஓடும் பிக்கப்

ஊருக்கு ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தால் பலாமரம் மிஞ்சாது. அதனால் குருசாமி அண்ணன் இரண்டு பித்தளைக் கம்பிகள் வைத்து, மேசை இழுப்பறை மாதிரிப் பிக்கப் முன்னும் பின்னும் ஓடும்படி செய்துவிட்டார். பெட்டி ஸ்பீக்கர் என்றால் கழுத்துப் பக்கம், குழாய் என்றால் பிரிட்ஜ் பக்கம்.

ஒன்றை மட்டும் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. கிட்டாரைத் தோளில் மாட்டினால் கழுத்து மேலே தூக்கியிருக்கும். வாசிக்க வாசிக்க, அந்த அதிர்வில் பிக்கப் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சறுக்கும். 'கும்' என்று ஆரம்பித்த பாட்டு 'டிங்' என்று முடியும். நான் இடையில் மேலே தள்ளுவேன், அது மறுபடி இறங்கும். அப்படி ஒரு கச்சேரி முடிந்ததும் எங்கள் பாடகி சரோஜா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"என் தம்பிக்குக் கொரல் ஒடஞ்சப்பக்கூட ஒரே நாள்ல இத்தன வாட்டி மாறலண்ணே."

புது கிட்டார்

எண்பதுகளின் நடுவில் மாஸ்டர் மெட்ராஸிலிருந்து கம்பெனி கிட்டார் ஒன்று தருவித்தார். கருப்பு நிறம், பளபளவென்று இருந்தது. அதை முதலில் குருசாமி அண்ணன் கடைக்குத்தான் கொண்டுபோனேன். கழுத்துப் பக்கம் ஒரு பிக்கப், பிரிட்ஜ் பக்கம் ஒரு பிக்கப், இரண்டுக்கும் தனித்தனித் திருகு. எது எவ்வளவு வேண்டுமோ திருகிக்கொள்ளலாம். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, இரண்டு திருகையும் மாறி மாறித் திருகிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நாம ஒண்ண வச்சு அங்கிட்டும் இங்கிட்டும் நகட்டிக்கிட்டே கெடந்தோம். அவன் ரெண்டா வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டான் மாப்ளே."

இத்தனை வருடம் வாசித்ததில் நான் கண்டது இவ்வளவுதான்: பிக்கப்பை எங்கே வைத்தாலும் அது பிடிக்காத ஒருத்தர் இருப்பார், அவர் கட்டாயம் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்.