லயத்து வாசலில் ஒரு நொச்சி

அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்த காலம். பக்கத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். ஒல்லியான, உயரமான பெண். யாரிடம் பேசினாலும் முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசுவார்.

மொனராகலையிலிருந்து நொச்சிக் கொம்பு ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நட்டிருந்தார். பனிக்காற்றில் இலையெல்லாம் கொட்டி அது வெறுங்குச்சியாக நின்றது. தினமும் வேலை விட்டு வந்ததும், பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டி, பச்சை தெரிகிறதா என்று பார்ப்பார்.

ஒருநாள் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்து, "செத்த குச்சிய எதுக்கு வச்சிருக்க?" என்று பிடுங்கப் போனார். அந்த அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"சாகலைங்க, இலையத்தான் கொட்டியிருக்கு. தோட்டத்துக்கு எங்க அப்பன் காலத்துலருந்து எவ்வளவோ நட்டுக் குடுத்திருக்கோம். இது ஒண்ணு எனக்குன்னு நட்டதுங்க."

கணக்கப்பிள்ளை திரும்பிப் போனார்.

பனி போனதும் நொச்சி தளிர்த்து, ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அடுத்த மழைக்காலத்தில் லயம் முழுக்கச் சளிக்காய்ச்சல். எல்லா வீட்டிலும் அந்த இலையைப் போட்டுத்தான் ஆவி பிடித்தார்கள். எனக்கும் ஒரு கட்டு வந்தது. நன்றி சொல்லப் போனேன்.

"என் மரத்து இலைங்க, சார். இதுக்குக் கேக்காத நோயும் இருக்கா?" என்றார்.

'என்' என்ற சொல்லை அவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.