அரண்மனைச் சதுக்கத்தில் தோப்புக்கரணம்

ஃப்ரீமான்ட்டிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் துபாயில் இறங்கி ஷாப்பிங் பண்ணுவார்கள். எங்கள் அம்மாவுக்கு மட்டும் வழியில் காத்மாண்டு வேண்டும். அங்கே பழைய ராஜாக்களின் அரண்மனைச் சதுக்கத்தில் முழுக்கக் கல்லால் கட்டிய கிருஷ்ணன் கோவிலை ஒரு தடவையாவது பார்த்தே ஆக வேண்டும் என்று அப்பாவை அரித்து எடுத்துவிட்டாள். எனக்கு அப்போது எட்டு வயது.

சதுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. செங்கல் பாவிய தரை, ஒரு பக்கம் முழுக்க அரண்மனை, எதிரே வரிசையாகக் கோவில்கள், எங்கே பார்த்தாலும் புறா. வம்பு வந்தது டிக்கெட்டில்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்த அப்பா அம்மாவுக்கு வெறும் சீட்டு. அமெரிக்க பாஸ்போர்ட்காரியான எனக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை! நான் அதை மெடல் மாதிரி ஆட்டிக்கொண்டே நடந்தேன்.

கோவில் படியில் காவலர் அந்த அட்டையைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதியாம். என்னிடம் ஹிந்தியில் ஏதோ கேட்டார். "ஸாரி, வாட்?" என்றேன். அதோடு என் கதை முடிந்தது.

"நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இவகூட நிக்கறேன்" என்றார் அப்பா. அம்மா முகம் வாடிவிட்டது. "இவ இல்லாம நான் மட்டும் உள்ள போய் என்னத்தைக் கும்பிடறது? வாங்க, ரூமுக்கே போயிடலாம்."

அப்பா விடுவாரா? புனேயில் வேலை பார்த்தபோது கற்ற ஹிந்தியில் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. படி ஓரத்தில் ஒரு குட்டிப் பிள்ளையார் இருந்தார். அப்பாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "கண்ணா, நம்ம ஊர் கோவில்ல போடுவியே, அதே மாதிரி தோப்புக்கரணம் போடு. நீ யாருன்னு அவருக்கே புரிஞ்சிடும்."

"ஹியர்? எவ்ரிபடி இஸ் வாட்ச்சிங்!" என்று முனகினேன்.

"போடுன்னா போடு! நல்லா உக்காந்து எழுந்திரு!" என்று விரலை நீட்டினார் அப்பா. காதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். புறாவுக்குத் தீனி போட்டவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க, கூச்சத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

காவலர் ஓடிவந்து என் கைகளைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். தலையைத் தடவினார். அப்பாவைப் பார்த்துப் படபடவென்று ஹிந்தியில் என்னவோ பொரிந்தார். அப்பா திகைத்து நின்றார், பிறகு கைகூப்பினார். அவ்வளவுதான், மூன்று பேரும் உள்ளே போனோம்! அம்மா கிருஷ்ணன் முன்னால் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

என் பக்தியைப் பார்த்துக் காவலரே உருகிவிட்டார் என்று ஸ்கூலில், பர்த்டே பார்ட்டிகளில், காலேஜ் வரைக்கும் அளந்திருக்கிறேன். அப்பா பக்கத்தில் இருந்தால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

போன மாதம் அம்மாதான் உளறிவிட்டாள். காதைப் பிடித்து உட்கார்ந்து எழுந்திருப்பது நமக்குச் சாமி கும்பிடுவது. அந்தக் காவலருக்கோ அது வாத்தியார் கொடுக்கிற தண்டனை மட்டும்தான். "உள்ள போக முடியலைன்னா குழந்தைமேலயா கோவத்தைக் காட்டறது? நீயெல்லாம் ஒரு அப்பனா? முதல்ல இவளைக் கூட்டிட்டு உள்ள போ, சாமிகிட்ட மன்னிப்பு கேளு!" என்று கத்தியிருக்கிறார் மனிதர்.

விளக்கப் போனால் திறந்த வழி மறுபடி மூடிவிடுமோ என்று அப்பாவுக்குப் பயம். அத்தனை பேர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்புதான் அண்ணா, இனிமே பண்ண மாட்டேன்" என்றாராம். அப்பாவும் பக்தியில் உருகிவிட்டார் என்று நினைத்து, பக்கத்தில் நானும் பெருமையாகக் கைகூப்பி நின்றேன்.