என்னங்க கொழம்பு?

மனைவி இறந்த பிறகு, படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வேனில் ஊர் ஊராகத் தனியாகச் சுற்றுகிறேன். ஒரே ஆளுக்குச் சமைப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயேதான் சமைப்பேன்.

குன்னம் பக்கம் ஒரு மதியம், எண்ணெயில் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டதும் வேன் முழுக்க நெடி. இருமல் தாங்காமல் அடுப்பை வெளியே தூக்கிவந்து வேப்பமரத்தடியில் வைத்தேன்.

வெங்காயக் காட்டு வேலை முடிந்து போன ஒரு பெண், நடந்துகொண்டே கேட்டார்: "என்னங்க கொழம்பு?"

"சின்ன வெங்காயக் கொழம்புங்க."

"வாசன தூக்குதுங்க. நல்லெண்ண ஊத்தி எறக்குங்க."

நிற்காமல் போய்விட்டார். அவர் சொன்னபடியே நல்லெண்ணெய் ஊற்றி இறக்கினேன். அந்தக் கேள்வியை இத்தனை நாள் கேட்க எனக்கு ஆளில்லை.

மறுநாள் ஜெயங்கொண்டத்திலும் வெளியேதான் சமைத்தேன். பலர் கடந்துபோனார்கள், யாரும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னைக்கி ரசம்தாங்க" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.