பழசு என்று பேர் வைத்த ஃபோல்டர்

சித்தியின் லேப்டாப்பில் நான் அழித்தது ஒரே ஒரு ஃபோல்டரைத்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

சித்தி அம்மாவின் தங்கை. போடியில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கல்லூரி முடித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு இணையப் பக்கம் செய்யத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தாள். கற்றதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவாள். இடது பக்கம் கம்ப்யூட்டருக்கான கட்டளை, எதிரே அவளுடைய தமிழ். ls என்றால் 'உள்ளே என்ன கிடக்குன்னு காட்டும்'. cd என்றால் 'அந்த ரூமுக்குள்ள போகும்'. படத்தைப் பக்கத்தின் நடுவில் நிறுத்துகிற நாலு வரிக்கு நேரே, 'மறக்காதே, மூணு நாள் அழுதது இதுக்குத்தான்' என்று இருக்கும். என் பள்ளிக்கூடப் புத்தகங்களைவிட அந்த நோட்டு எனக்கு நன்றாகப் புரிந்தது.

மாமாவுக்கு, அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணனுக்கு, இதில் நம்பிக்கை இல்லை. பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு வரன் பார்த்து வைத்திருந்தார். அந்தச் சமயம் ஒரு கோயம்புத்தூர் கம்பெனி சித்திக்குச் சோதனை வைத்தது. ஒரு சின்னக் கடைக்கு இணையப் பக்கம் செய்து திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். வேலை கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் வரன் வீட்டார் வரட்டும் என்று மாமாவும் அவளும் பேசி முடித்திருந்தார்கள். சித்தி ஒரு ஏலக்காய்க் கடையைக் கற்பனை செய்துகொண்டு மூன்று வாரமாக உழைத்தாள்.

கடைசிச் சனிக்கிழமை, ஏலச்செடியின் தூரில் காய் பிடித்திருக்கிற படம் வேண்டுமென்று குரங்கணி மலைக்கு ஜீப்பில் போனாள். லேப்டாப்பில் இடமே இல்லை என்று முதல் நாள்தான் அலுத்துக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் சுத்தம் செய்து வைக்கலாம் என்று நான் உட்கார்ந்தேன். ls அடித்தேன். 'புதுசு', 'பழசு' என்று இரண்டு ஃபோல்டர் தெரிந்தது. நோட்டில் rm -r என்பதற்கு நேரே, 'வேண்டாததைக் கூண்டோடு தூக்கி எறியும்' என்று எழுதியிருந்தாள். அதை அடித்து, பக்கத்தில் பழசு என்று எழுத்துக்கூட்டி அடித்தேன். லேப்டாப் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மத்தியானம் சித்தி வந்தாள். புதுசு என்பது நடுவில் வேறு மாதிரி செய்யலாம் என்று அவள் ஆரம்பித்துப் பிடிக்காமல் விட்டது. மூன்று வார வேலையும் பழசில்தான் இருந்தது. நகல் ஏதும் எடுத்து வைத்திருக்கவில்லை. லேப்டாப் முழுக்கத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, நீ எதையாவது தொட்டாயா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"நோட்டைக் கொண்டா. நீ வாசி, நான் அடிக்கிறேன்" என்றாள்.

நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் மாமா வந்தபோது, ஏன் முதலிலிருந்து செய்கிறாய் என்று கேட்டார். நான் நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாந்தாண்ணே, தப்பா அடிச்சு அழிச்சுப்புட்டேன்" என்றாள் சித்தி.

மாமா கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் சொன்னார். "மூணு வாரச் சோலிய ஒரு நொடியில அழிச்சிருக்க. இது உனக்கு ஒத்துவராது ஆத்தா."

அம்மாவும் அதை மறுக்கவில்லை. சித்தி என் பக்கம் திரும்பாமலே, அடுத்த வரியை வாசிக்கச் சொன்னாள்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்தும் பாதிதான் முடிந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை. தேவாரத்துக்காரர்கள் வந்தார்கள். சித்தி வேண்டாமென்றாள். மாமா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. மறு வருஷம் மதுரையில் வேறொரு வேலை கிடைத்துப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம் என் முதுகு தப்பியது மட்டும்தான். அந்த நிம்மதியில் இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டேன். இந்த வேலை தனக்கு வரும் என்று ஒரு வருஷமாக மாமாவிடம் வாதாடி வந்தவள், என் தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டு, வராது என்று தன் வாயாலேயே அன்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆக்கிவிட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.