கண் சிவந்த முயல்

இன்று காலை பழவேற்காடு மீன் கடையில், நகரத்திலிருந்து காரில் வந்த ஒரு பெண் என் கூடையிலிருந்த மடவை மீனை உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணு சிவந்திருக்கே, பழசா?" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த கூடைக்குப் போய்விட்டாள். போகட்டும். மீன் நேற்றையதுதான், அவள் சொன்னது சரிதான். நான் சிரித்தது முயலை நினைத்து.

மீன்காரிக்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், என் வாய் அப்படி.

தேவகி என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. மீஞ்சூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை, மடிப்புக் கலையாத சட்டை. பொழுது சாய்ந்தால் குடிப்பான், குடித்தால் கை நீளும். ஒரு தை மாதத்தில் துணிப்பையோடு படகேறி, பசியாவரம் தீவிலுள்ள எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, ஆடித் திருவிழா முடிந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிப் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவர்.

"எத்தினி நாளிக்கு இங்கியே குந்திக்கினு இருப்பா? நாளிக்கு அவளுக்குன்னு இன்னா இருக்குது?" என்றார்.

"அவ சோத்த அவ சம்பாதிச்சிப்பா. அப்போ எவன் வந்து கூப்புடுறான்னு பாக்கறேன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எதை வைத்துச் சம்பாதிப்பது? ஏரியில் முறை வைத்து வலை போடுவதைப் பாடு என்போம். அந்த முறை ஆண்களுக்குத்தான், எங்களுக்குக் கிடையாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகலாம் என்றார்கள். அந்த வழியாகத்தான் மாப்பிள்ளையின் கம்பெனி பஸ் தினமும் போகும். தேவகிதான் முயல் என்றாள். மீஞ்சூரில் பக்கத்து வீட்டில் கறிக்கு வளர்த்ததைப் பார்த்திருக்கிறாள்.

"கலப்பில்லாத எனமா வாங்கணும் அண்ணி. அப்போதான் குட்டிங்கல்லாம் ஒண்ணு போல வளரும், கறி நிக்கும்" என்றாள்.

இப்படியாக, மீன் மட்டுமே வாங்கிப் பழகிய இரண்டு பெண்கள் முயல் வாங்கக் கிளம்பினோம். நெல் வயல்களுக்கு நடுவே ஒரு பண்ணை. உள்ளே நுழைந்ததும் ஈரப் புல்லும் முயல் மூத்திரமும் சேர்ந்த வாடை குப்பென்று அடித்தது. கருவாட்டுக்கு நடுவிலேயே வாழும் நான் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பண்ணைக்காரர் சள்ளென்று பேசுகிற ஆள். வெள்ளை வெளேரென்ற முயல் ஒன்றைப் பிடரியில் பிடித்துத் தூக்கி, "நியூசிலாந்து வெள்ளை. பல்லப் பாரு, காதுக்குள்ள சொறி இருக்குதான்னு பாரு, எடுத்துக்கோ" என்றார்.

நாங்கள் பல்லையா பார்ப்போம்? கண்ணைப் பார்த்தோம். ரத்தச் சிவப்பு! தேவகி என் விலாவில் இடித்தாள். "கண்ணு செவந்து கெடக்குது அண்ணி, வேணாம்." அடுத்த கூண்டு, அதுவும் சிவப்பு. வரிசை முழுக்க அப்படியே. கெட்டுப்போன சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறான் மனுஷன் என்று எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. கடைசிக் கூண்டில் கருகருவென்று தெளிந்த கண்ணோடு, மேலே திட்டுத் திட்டாகப் புள்ளி போட்ட முயல்கள் இருந்தன.

"அது கலப்பும்மா. வெள்ளைக்குப் பொறவியே செவப்புக் கண்ணுதான்" என்றார் அவர்.

எத்தனை வியாபாரியைப் பார்த்திருக்கிறேன்! நாற ஆரம்பித்த இறாலைக் கூட 'இதன் நிறமே இப்படித்தான்' என்று நானே விற்றிருக்கிறேனே! "எங்களுக்குத் தெரியும், நீ இதக் குடு" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு கொடுத்தார். வரும் வழியெல்லாம் அவரிடம் ஏமாறாமல் தப்பித்துவிட்ட பூரிப்பு எனக்கு.

ஆனி மாதத்தில் பூரிப்பு இறங்கியது. குட்டிகள் ஒன்று பூனை அளவு, ஒன்று எலி அளவு. பொன்னேரியிலிருந்து வந்த கறிக்கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, எலும்புதான் இருக்குது" என்று வெறுங்கையோடு படகேறினார். வீட்டுக்காரர் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே, "ஆடிக்கு அவன் வரட்டும், அனுப்பிடலாம்" என்றார். அடிக்கிறவன் கையில் ஒரு பெண்ணை, என் வாய்க்கொழுப்பினாலேயே திரும்பக் கொடுக்கப் போகிறேனா?

தேவகி அழுவாள் என்று நினைத்தேன். அவள் முயல்களைக் கூடையில் போட்டு மூடிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிவிட்டாள். பண்ணைக்காரர் மாற்றித் தர முடியாது என்றாராம். இவள் விளக்குமாற்றை எடுத்து, அவர் கேட்காமலே கூண்டு வரிசையைக் கழுவ ஆரம்பித்துவிட்டாளாம். ஆடி பிறக்கிற வரை அங்கேயே, அவர் மனைவியோடு தங்கி வேலை செய்தாள். திரும்பி வந்தபோது கூடையில் கூலிக்குப் பதிலாகச் சிவப்புக் கண் முயல்கள், பெட்டைகள் எல்லாம் சினை. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி சேர்க்கக் கூடாது என்று கிடா முயலை வேறு வரிசையிலிருந்து பொறுக்கியிருந்தாள். வளரும் குட்டிகளை அந்தப் பண்ணைக்காரரே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

திருவிழா முடிந்த மறுநாள் மாப்பிள்ளை பெரியவர்களோடு வந்தான். தேவகி கிடாவை மடியில் வைத்துப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"வரல" என்றாள்.

"புருசன வுட்டுட்டு மொசலோட குடித்தனம் பண்ணப் போறியா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"மொசலு குடிச்சிட்டு வந்து அடிக்கிறதில்ல பெரியப்பா."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எல்லோரும் என்னை முறைத்தார்கள், முறைக்கட்டுமே. ஆச்சரியம் என்னவென்றால், என் வீட்டுக்காரர் எழுந்து, "அவ வரலன்றா. வந்தது வந்தீங்க, சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

இப்போது எங்கள் வீட்டுப் பின்புறம் கூண்டு இல்லை. உப்புக் காற்றில் கம்பி வலை துருப்பிடித்து உதிர்ந்தது. தீவில் பசுந்தழையும் போதவில்லை. தேவகி அந்த நெல் வயல் ஊருக்கே போய்ச் சொந்தமாகக் கொட்டகை போட்டுக்கொண்டாள். எனக்குச் சண்டை போட ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அண்ணிக்காரிதான் அவள் குடியைக் கெடுத்தாள் என்று ஊரில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். ஆமாம், கெடுத்தேன். இன்னொரு முறை கெடுக்கச் சொன்னாலும் கெடுப்பேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அவள் வந்த புதிதில், வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தால் போதும், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வாள். போன மாதம் அவள் கொட்டகையில் என் கை தவறித் தகர மூடி தடாரென்று விழுந்தது. முயல்கள் எல்லாம் துள்ளி மூலைக்கு ஓடின. தேவகி திரும்பிக்கூடப் பார்க்காமல், "பாத்து அண்ணி, செனையா இருக்குதுங்க" என்று என்னைத் திட்டினாள்.