பங்கருக்குள் முப்பத்தாறு பேர்

தொண்ணூறாம் ஆண்டில் நான் எட்டாம் வகுப்பு மொனிற்றர், வகுப்புத் தலைவி. எங்கள் பாடசாலை வலிகாமத்தில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. வகுப்பில் முப்பத்தாறு பேர். குண்டுபோடும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டால் மணி விடாமல் அடிக்கும். மைதான ஓரத்தில், பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டிருந்த பங்கருக்குள் எல்லோரும் இறங்க வேண்டும். கடைசியாக இறங்கும் நான் தலைகளை எண்ணி, முன்வாசலில் நிற்கும் வகுப்பாசிரியர் சேரிடம் தொகையைச் சொல்வேன். ஒருவர் குறைந்தாலும் அவர் வெளியே தேடிப் போவார். விமானம் போனபின் வகுப்பு முழுவதையும் வெயிலில் நிறுத்துவார்.

குறைவது எப்போதும் ஒரே ஆள்தான். அந்த வருடம் கடற்கரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து சேர்ந்தவள். யாரோ கொடுத்த சீருடை அவளுக்கு முழங்காலுக்கும் கீழே தொங்கியது. அவளுடைய வாங்கில் வேறு யாரும் உட்காருவதில்லை. தன்னைப் பழித்தவளுக்கே பென்சிலைக் கொடுத்துவிட்டு எழுதாமல் இருப்பாள்.

பாடசாலை வேலிக்கு அப்பால் தோட்டக்காரர் ஒருவர் ஆடு கட்டியிருந்தார். மணி அடித்தால் நாங்கள் பங்கருக்கு ஓடுவோம். அவள் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் புகுந்து ஆட்டை அவிழ்க்க ஓடுவாள்.

"கட்டின ஆடு எப்பிடி ஓடும்?" என்று கேட்பாள்.

அவிழ்த்த ஆடு வெங்காயத்தாளை மேய்ந்தது. தோட்டக்காரர் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஆர் பிள்ளையள் என்ரை ஆட்டை அவிட்டு விடுறது?"

பின்வாங்கிலிருந்து ஒருவன் சொன்னான்: "ஐயா, உங்கடை ஆட்டையும் எங்கடை வகுப்பிலை சேர்த்து விடுங்கோ. அதுக்கு இஞ்சை ஒரு கூட்டாளி இருக்கிறா!"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். தன்னையும் ஒரு பகிடியில் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"உவளாலை நாங்கள் ஏன் வெயில் காயிறது?" என்றாள் என் பக்கத்தில் இருப்பவள். "முப்பத்தாறு எண்டு சொல்லும். உவள் எப்பிடியும் வருவாள்தானே."

அப்படியே சொல்லத் தொடங்கினேன். பங்கருக்குப் பின்வாசலும் இருந்தது. இரண்டொரு நிமிடத்தில் அவள் அதால் வழுக்கி இறங்கி, மூச்சிரைக்க மூலையில் குந்திவிடுவாள். சேருக்குத் தெரியாது.

ஒருநாள் பொம்மர் மிகவும் தாழப் பதிந்து வந்தது. நான் முப்பத்தாறு என்றேன். நிலம் குலுங்கியது, கூரையிலிருந்து மண் கொட்டியது. பின்வாசல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் இறங்கவில்லை. வாயைத் திறந்தால் அவள் இல்லை என்பதோடு நான் பொய் சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். திறக்கவில்லை. என் பக்கத்தில் இருப்பவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

சத்தம் ஓய்ந்து மேலே வந்தோம். அவள் வேலியோரம் நின்றாள். குண்டு விழுந்தபோது, புதிதாகத் தண்ணீர் கட்டிய வெங்காயப் பாத்திக்குள் படுத்திருந்து எழும்பியிருக்கிறாள். தலைமுடி முதல் சப்பாத்து வரை ஈரச் செம்மண். பங்கருக்குள் ஈரம் இல்லை. சேர் என்னிடம் திரும்பினார்.

"நீர் முப்பத்தாறு எண்டெல்லோ சொன்னனீர்?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அவ சரியாத்தான் எண்ணினவ சேர்," என்றாள் அவள். "நான் பிறகுதான் வெளியிலை ஓடினனான்."

பங்கரை விட்டு வெளியேறுவது எல்லாவற்றிலும் பெரிய குற்றம். வலது உள்ளங்கையில் மூன்று அடி விழுந்தது. "செத்திருப்பாயடி," என்றார் சேர்.

தண்ணீர்க் குழாயடியில் அவள் கையை நனைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பயப்பிடாதையும். அடுத்த முறையும் முப்பத்தாறு எண்டே சொல்லும். நான் வந்திடுவன்."

அடுத்த வாரம் மணி அடித்தது. எண்ணினேன்: முப்பத்தைந்து. இருட்டுக்குள் எல்லா முகங்களும் என்னையே பார்த்தன. முப்பத்தாறு என்றேன்.

அதன்பின் இன்னும் மூன்று தடவை அப்படிச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவள் வந்து சேர்ந்தாள். மாரி மழை தொடங்குமுன் ஊரே இடம்பெயர்ந்தது. அவளுடைய குடும்பம் எந்தப் பக்கம் போனது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. போன இடத்திலும் பாடசாலை இருந்திருக்கும், பங்கர் இருந்திருக்கும், தலைகளை எண்ண என்னைப் போல ஒருத்தி இருந்திருப்பாள்.