சாட்சி சொன்ன பிறகு வந்த இருமல்

முதலில் வந்தது இருமல் இல்லை, பசியின்மை. மீன் குழம்பு வைத்தால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற மனுஷர் என் வீட்டுக்காரர் ஏழுமலை. அவர் தட்டைத் தள்ளிவைத்தபோதே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் பின்னால் வந்தன. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துவிட்டு, காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமியால் வருவது, ஊரில் டி.பி. என்போம்) என்றார்கள்.

"ஆறு மாசம் மாத்திரை. இருமல் நின்னாலும் நிறுத்தக்கூடாதும்மா" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். இவரைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் மீனவ ஊரான கடப்பாக்கத்தில் விஷயம் பரவ ஒரு காலைப்பொழுது போதும். என் கூடையில் மீன் வாங்க ஆளில்லை. சொந்தக்காரர்களே வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள். நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பம். ஆனால் அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் ஜெபக்கூடத்து ஆட்கள்தான். அவர்களில் ஒருவரான ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்து ஜெபம் செய்தார். போகும்போது எங்கள் குடத்துத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். பாரம் சுமக்கிறவர்களை இயேசு பக்கத்தில் கூப்பிடுகிறார் என்று அவர் சொன்னதை, அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகே நான் நம்பினேன். இருவரும் அங்கே போகத் தொடங்கினோம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்ததும், நன்மை பெற்றவர்கள் முன்னே வந்து மைக்கில் சாட்சி சொல்வார்கள். மருந்து வேலை செய்து, இருமல் நின்று, உடம்பு தேறியதும் இவர் எழுந்துபோய், "கர்த்தரு என்னப் பூரா சொகமாக்கிட்டாரு" என்றார். கூடமே அல்லேலூயா என்றது. நானும் அழுதுகொண்டே கைதட்டினேன்.

மறுநாள் மாத்திரையைத் தொடவில்லை.

"இன்னாய்யா, மறந்துட்டியா?"

"சாட்சி சொன்ன வாயால மாத்திரை முழுங்கினா, ஆண்டவர பொய்யாக்குற மாரி ஆவாதா?"

கெஞ்சினேன், திட்டினேன், சமைக்காமல் படுத்தேன். மனுஷர் மசியவில்லை.

காய்ச்சல் திரும்பியது. இருமலும்தான். ஆனால் ஜெபக்கூடத்தில் அவர் இருமவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். துண்டை வாயில் அழுத்தி, கழுத்து நரம்பு புடைக்க, இருமலை விழுங்கிக்கொண்டிருந்தார். சொன்ன சாட்சியைக் காப்பாற்றுகிறாராம்! எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இப்படியே விட்டால் என் மனுஷர் செத்துப்போவார் என்று பயந்தேன்.

அன்று சாட்சி நேரத்தில் நான் போய் மைக்கைப் பிடித்தேன்.

"எங்க வூட்டுக்காரருக்கு இன்னும் சொகம் ஆவல. மாத்திரைய நிறுத்திட்டாரு. இருமல அடக்கிகினு உக்காந்துகினு கீறாரு. யாரும் திட்டாதீங்க. ஜெபம் பண்ணுங்க."

எல்லோரும் இவர் பக்கம் திரும்பினார்கள். பிறகு அவர் இருமினார். அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. துண்டில் ரத்தமும் இருந்தது. பாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். ஜன்னல்களைத் திறக்கச் சொல்லிவிட்டு இவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"ஆண்டவரோட மானத்த அவரு பாத்துக்குவாரு அண்ணாத்த. நீ மாத்திரைய போடு."

ஸ்டெல்லா அக்கா எழுந்தார். "நானும் சக்கரை நோயி சொகமாயிட்ச்சின்னு சாட்சி சொன்னவதான். மாத்திரையும் போட்டுகினுதான் கீறேன். வெக்கப்பட்டுகினு யாராண்டயும் சொல்லல."

பின்னாலிருந்து இன்னொருவர், "எனக்கு பிரஷரு" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம். இவரும் வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

மறுநாளே செங்கல்பட்டுக்குப் போனோம். எதிர்ப்புத்தன்மை (மருந்துக்குக் கிருமி அடங்காமல் போவது) வந்துவிட்டதா என்று சோதித்தார்கள். இல்லை என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மாத்திரை முதலிலிருந்து தொடங்கியது. தினமும் காலையில் ஸ்டெல்லா அக்கா போனில் ஜெபிப்பார். ஆமென் சொன்னதும் இவர் தன் மாத்திரையை விழுங்குவார், அந்தப் பக்கம் அவர் தன்னுடையதை.

இதே மாத்திரைகளோடு வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜெபிக்கிறவரிடம் ஜெபத்தை விடச் சொல்லாதீர்கள். கூட ஜெபிக்கிறவர்களை மாத்திரைக்கும் துணைக்குக் கூப்பிடுங்கள்.

மாத்திரை எல்லாம் முடிந்ததும், குணமாகிவிட்டது என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். நுரையீரலில் மட்டும் தழும்பு (ஆறிய புண்ணின் தடம்) இருக்கிறது. வலை இழுக்கும்போது மூச்சு வாங்கினால் விட்டுவிட்டு நிற்கிறார். முன்பெல்லாம் எதற்கும் நிற்கத் தெரியாத மனுஷர்.

சில ஞாயிறுகளில் ஜெபக்கூடத்தில் அந்தத் தழும்பால் அவருக்கு இருமல் கிளம்பும். அடக்குவதில்லை. பாஸ்டர் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திக் காத்திருக்கிறார். இருமி முடித்து இவர் மூச்சை இழுக்கிறார். பிறகுதான் நானும் இழுக்கிறேன்.